கான்ஸ்டன்டைனுக்கு முந்தைய முந்நூறு ஆண்டுகள்: கிறிஸ்தவம் எப்படிப் பரவியது?

நீங்கள் கேட்டது இதுதான்: "கான்ஸ்டன்டைன் மன்னன் மதம் மாறியிருக்காவிட்டால் கிறிஸ்தவம் பாலஸ்தீனத்தின் ஒரு மூலையிலேயே முடிந்துபோயிருக்கும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? அதற்கு முன் முந்நூறு வருடம் அதை யார் பரப்பினார்கள், எப்படி? தோமா கி.பி. 52-இல் நம் பக்கம் வந்தார் என்பது வரலாறா?" மேலே பார்த்தால் ஒரு மன்னனைப் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது, இந்த மதம் அதிகாரத்தின் தயவால் வளர்ந்ததா, அதிகாரம் வந்து சேர்வதற்கு முன்பே தன் காலில் நின்றதா என்ற கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் பழைய ரோமானிய வரலாற்றைக் கல்லூரியில் பல வருடம் நடத்தியவன். கிரேக்கமும் லத்தீனும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பேன். கிழக்குத் திசைச் சபைகள் எழுதிய சிரியாக் மொழி தெரியாது. அதனால் கிழக்குத் திசைச் சபைகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் மொழிபெயர்ப்புகளை நம்பிச் சொல்வது. விசுவாசம் மெய்யா பொய்யா என்பதற்குள் நான் போகப் போவதில்லை. அது வரலாற்று ஆசிரியன் தீர்க்கக்கூடிய வழக்கும் இல்லை.

முதலில் சுருக்கமான பதில். காணொளி சொன்னது தவறு. 312-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவர்கள் பக்கம் சாய்ந்தபோது சபைகள் ஸ்பெயினிலிருந்து மெசபடோமியா வரை இருந்தன. அடுத்த இரண்டே வருடத்தில், 314-இல், இன்றைய பிரான்சில் உள்ள ஆர்ல் நகரத்தில் ஆயர்கள் கூடியபோது பிரிட்டனிலிருந்தே மூன்று ஆயர்கள் வந்து கையெழுத்திட்டார்கள். இரண்டு வருடத்தில் முளைக்கிற அமைப்பு இல்லை இது. ஆனால் கான்ஸ்டன்டைன் இல்லாமலே ரோமப் பேரரசு முழுக்க மாறியிருக்கும் என்று எதிர்ப்பக்கம் சொல்கிறவர்களையும் நான் ஏற்பதில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தொடக்கத்தில் உறுதியாகத் தெரிவது எது என்று பார்த்துவிடலாம். இயேசு என்ற யூதர், பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்ட காலத்தில் (கி.பி. 26 முதல் 36 வரை) சிலுவையில் அறையப்பட்டார். இதைக் கிறிஸ்தவ நூல்கள் மட்டும் சொல்லவில்லை. கிறிஸ்தவர்களைக் கண்டாலே பிடிக்காத ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், நீரோ காலத்து ரோம் தீவிபத்தைப் பற்றி எழுதும்போது, பேரரசர் திபேரியு ஆட்சியில் பிலாத்துவால் 'கிறிஸ்துஸ்' கொல்லப்பட்டார் என்று போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் ஒன்று 1961-இல் கடலோரச் செசரியாவில் கிடைத்தது. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், இயேசுவின் சகோதரர் யாக்கோபு 62-இல் எருசலேமில் கல்லெறியப்பட்டதைச் சொல்கிறார். அதே ஜோசிபஸின் நூலில் இயேசுவைப் புகழும் ஒரு பத்தியும் உண்டு. வாட்சப்பில் அதிகம் சுற்றுவது அதுதான். அதில் பிற்காலக் கிறிஸ்தவர் ஒருவர் கைவைத்திருக்கிறார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அடியில் ஜோசிபஸே எழுதிய ஒரு சிறு குறிப்பு இருந்ததா என்பதில்தான் விவாதம். எனவே அந்தப் பத்தியை வைத்து யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள், யாக்கோபு பற்றிய வரியே போதும்.

நம் கையில் இருக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகள் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்கள் இல்லை, ஊர் ஊராகப் போய் இந்தச் செய்தியைப் பரப்பிய பவுலின் கடிதங்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் ஏறக்குறைய 50-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்தக் காலக்கணக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? கொரிந்து நகரத்தில் பவுலை கல்லியோன் என்ற ரோமானிய ஆளுநர் முன் நிறுத்தினார்கள் என்று புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அந்தக் கல்லியோனின் பெயர் கிரேக்கத்தின் டெல்பியில் கிடைத்த கிளாடியஸ் பேரரசரின் கல்வெட்டு ஒன்றில் இருக்கிறது. அதை வைத்து அவர் பதவிக் காலத்தை 51, 52 என்று நிறுத்த முடிகிறது. பவுலின் வாழ்க்கையில் மற்ற வருடங்களையெல்லாம் இந்த ஒரு முளையிலிருந்து முன்னும் பின்னும் அளந்துதான் குறிக்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரோம் நகரத்துச் சபைக்குப் பவுல் கடிதம் எழுதும்போது (57 வாக்கில்) அவர் ரோமுக்குப் போனதே இல்லை. ஆனால் அங்கே ஏற்கனவே சபை இருக்கிறது. அதற்கும் முன்னால், கிளாடியஸ் ஆட்சியில், 'கிரெஸ்டுஸ்' என்பவர் தூண்டுதலால் கலகம் செய்த யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். அது கிறிஸ்துவைப் பற்றிய சச்சரவைத் தப்பாகக் கேட்டு எழுதியது என்று பலர் கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். சரி, ரோமுக்கு முதலில் இந்தச் செய்தியைக் கொண்டுபோனவர் யார்? பெயர் தெரியாது. அலெக்சாந்திரியாவுக்கு? மாற்குதான் என்பது பிற்கால மரபு, முதல் நூற்றாண்டுச் சான்று இல்லை. வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜுக்கு? அதுவும் தெரியாது. பண்டைய உலகின் மூன்று பெரிய நகரங்களுக்கும் இந்த மதத்தைக் கொண்டுபோனவர்கள் பெயரில்லாத ஆட்கள். அப்போஸ்தலர்களின் பயணக்கதைகளை மட்டும் படித்துவிட்டு இந்த மதம் பரவிய விதத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் வகுப்பில் சொல்வது இதனால்தான்.

பின்னே யார் அந்த ஆட்கள்? ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 16-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஞாயிறு பிரசங்கத்தில் யாரும் தொடாத பகுதி, வெறும் பெயர்ப் பட்டியல். எனக்கோ அந்தக் கடிதத்தில் அதைவிட முக்கியமான பக்கம் இல்லை. கெங்கிரேயா துறைமுகத்துச் சபையில் ஊழியம் செய்யும் பெபேயாள் ரோமுக்கு வருகிறாள், பலருக்கு ஆதரவாக இருந்தவள், அவளுக்கு வேண்டியதைச் செய்யுங்கள் என்று தொடங்குகிறது. அடுத்து பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும். கணவன் மனைவி, கூடாரம் தைக்கும் தொழில். ரோமிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்துக்கு வந்தார்கள், பவுலும் அதே தொழில் என்பதால் அவர்கள் பட்டறையிலேயே சேர்ந்து வேலை பார்த்தார், பிறகு எபேசுவில் இருந்தார்கள், இப்போது மறுபடி ரோமில், அவர்கள் வீட்டிலேயே சபை கூடுகிறது. பிறகு வரிசையாக இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள். நிறையப் பேர் பெண்கள். சில பெயர்கள் அடிமைகளுக்கும் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் வழக்கமாக வைக்கப்பட்டவை. பட்டணத்து உக்கிராணக்காரன் ஏரஸ்து என்று ஓர் அதிகாரியும் கடைசியில் வாழ்த்துச் சொல்கிறான். தொழில் நிமித்தம் ஊர் ஊராகப் போகிறவர்கள், துறைமுகங்கள், பட்டறைகள், ஒருவர் வீட்டு முற்றம், ஊருக்கு ஊர் கடிதம் எடுத்துப்போக ஆள். இந்த மதம் ஓடிய வாய்க்கால் இதுதான். சந்தை மைதானத்தில் நின்று ஆயிரம் பேரை மாற்றிய கதைகள் உண்டு. சான்றுகளில் தெரிவதோ வீடு வீடாக, உறவு உறவாகப் போன பரவல்.

அந்த வாய்க்காலை முதலில் வெட்டிவைத்தவர்கள் யூதர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பாலஸ்தீனத்துக்கு வெளியே, மத்தியதரைக் கடலைச் சுற்றிய பெருநகரங்களில் எல்லாம் அப்போது ஜெப ஆலயங்கள் இருந்தன. எபிரேய வேதம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. யூதராகப் பிறக்காமல், ஆனால் ஒரே கடவுள் என்ற எண்ணத்தாலும் ஒழுக்கத்தாலும் ஈர்க்கப்பட்டு ஜெப ஆலயத்துக்கு வந்துபோன கிரேக்கர்களும் இருந்தார்கள். கடவுளுக்கு அஞ்சுகிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். துருக்கியில் உள்ள அப்ரோடிசியாஸ் நகரத்துக் கல்வெட்டு ஒன்றில் அப்படிப்பட்டவர்களின் நீண்ட பட்டியலே இருக்கிறது, காலம் மட்டும் பிந்தியது. முழு யூதராக மாற வேண்டுமென்றால் ஆண்களுக்கு விருத்தசேதனம், உணவு விதிகள் எல்லாம் குறுக்கே நின்றன. இதெல்லாம் இல்லாமலே உள்ளே வரலாம் என்று பவுல் சொன்னார். அதற்காக 48, 49 வாக்கில் எருசலேமில் யாக்கோபு, இயேசுவின் சீடர் பேதுரு ஆகியோருடன் பேச்சுவார்த்தை நடந்தது. பிறகு அந்தியோகியாவில் பேதுருவோடு நேருக்கு நேர் சண்டை. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த ஒரு முடிவு வேறு மாதிரி போயிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே வந்திருக்காது என்பது என் எண்ணம். 70-இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு எருசலேம் சபையின் செல்வாக்கு மங்கியது, ஆனால் யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஒரே நாளில் பிரிந்துவிடவில்லை. அந்தப் பிரிவு ஊருக்கு ஊர் வேறு வேகத்தில் நடந்தது, சில இடங்களில் நான்காம் நூற்றாண்டு வரைகூட இழுத்தது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சான்றுக்கு வருகிறேன். 112 வாக்கில், கருங்கடல் ஓரத்தில் உள்ள பித்தினியா-பொந்து மாகாணத்துக்கு இளைய பிளினி ஆளுநர். எதற்கெடுத்தாலும் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்கும் மனிதர். கிறிஸ்தவர்கள் என்று சிலரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று முறை கேட்டேன், ஒப்புக்கொண்டவர்களைக் கொல்ல அனுப்பினேன், அவர்கள் நம்பிக்கை எதுவாக இருந்தாலும் அந்தப் பிடிவாதத்துக்கே தண்டனை தகும் என்கிறார். ரோமக் குடியுரிமை உள்ளவர்களை ரோமுக்கு அனுப்பப் பட்டியலிட்டார். பிறகு பெயரில்லாத மொட்டைக் கடிதம் ஒன்று வருகிறது, அதில் நிறையப் பெயர்கள். விசாரித்தால், சிலர் முன்பு இருந்தோம், இப்போது இல்லை என்கிறார்கள். ஒரு சிலர் இருபது வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். என்னதான் செய்தீர்கள் என்று கேட்டால்: குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடினோம், கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணி மாறி மாறிப் பாடினோம், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுக்க மாட்டோம் என்று உறுதி எடுத்தோம், கலைந்துபோய்ப் பிறகு மறுபடி கூடிச் சாப்பிட்டோம், சாதாரணச் சாப்பாடுதான். நம்பாத பிளினி, ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரிக்கிறார். மிதமிஞ்சிய மூடநம்பிக்கையைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

அந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிப் பகுதி. எல்லா வயதினரும், எல்லாத் தரத்தினரும், ஆணும் பெண்ணும் இதில் இருக்கிறார்கள், நகரங்களில் மட்டுமின்றிக் கிராமங்களிலும் வயற்புறங்களிலும் தொற்றிவிட்டது, கோயில்கள் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தன, பலி இறைச்சியை வாங்க ஆளில்லாமல் இருந்தது, என் நடவடிக்கைக்குப் பிறகு இப்போது மறுபடி விற்கத் தொடங்கியிருக்கிறது என்கிறார். மிகைப்படுத்துகிறார், தன் வேலையைப் பெரிதாகக் காட்டும் அதிகாரியின் வழக்கமான குரல் அது. ஆனால் இயேசு இறந்து எண்பது வருடத்துக்குள், எருசலேமிலிருந்து அத்தனை தூரத்தில், பலி இறைச்சி வியாபாரத்தைப் பற்றி ஓர் ஆளுநர் பேச வேண்டிய நிலை வந்திருக்கிறது. டிராஜனின் பதிலும் முக்கியம்: தேடிப் பிடிக்காதே, புகார் வந்து நிரூபணமானால் தண்டி, நம் தெய்வங்களை வணங்கினால் மன்னித்து விடு, மொட்டைக் கடிதத்தை ஏற்காதே, அது நம் காலத்துக்குத் தகாது. அடுத்த நூறு வருடத்துக்கும் மேலாக அரசின் போக்கு ஏறத்தாழ இந்தக் கோட்டிலேயே ஓடியது.

இது நம்மைத் துன்புறுத்தல் என்ற விஷயத்துக்குக் கொண்டுவருகிறது. திரைப்படங்கள் பார்த்தால் முந்நூறு வருடமும் தினசரி சிங்கக்கூண்டு திறந்திருந்ததாகத் தோன்றும். நடந்தது அப்படி இல்லை. 64-இல் நீரோ ரோமில் செய்தது கொடூரம், ஆனால் அந்த நகரத்தோடு நின்றது. 177-இல் லியோன் நகரத்தில் பிளாண்டினா என்ற அடிமைப் பெண்ணும் பிறரும், 203-இல் கார்த்தேஜில் பெர்பெதுவா என்ற இளம் தாயும் கொல்லப்பட்டார்கள். இவை உள்ளூர்க் கொந்தளிப்புகள். பேரரசு முழுக்க ஒரே ஆணை என்பது பேரரசர் டேசியஸ் காலத்தில், 249-250-இல்தான் முதலில் வருகிறது. அதுவும் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற ஆணை. எகிப்தின் மணலில் அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று முதலைத் தெய்வமான பெட்டெசூகோஸின் பூசாரிப் பெண்ணுக்கு வழங்கப்பட்டது! ஆயுள் முழுக்கப் பலி கொடுத்தவளும் வரிசையில் நின்று சீட்டு வாங்கியிருக்கிறாள். 257 முதல் வலேரியன் ஆயர்களைக் குறிவைத்தார். 260-இல் அவர் மகன் காலியேனஸ் அதை நிறுத்தினார். பிறகு நாற்பது வருட அமைதி. 303-இல் டயோக்ளேஷியன் தொடங்கியதுதான் உண்மையில் பெரியது, கிழக்கில் பல வருடம் நீடித்தது. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், விசுவாசத்துக்காக இறந்தவர்கள் எளிதில் எண்ணிவிடும் அளவுக்குச் சிலரே என்று தானே எழுதுகிறார். அவர் தந்தையே அப்படிக் கொல்லப்பட்டவர், ஆகவே அலட்சியமாகச் சொல்லியிருக்க மாட்டார். இரத்தம் சிந்தியதால் மதம் வளர்ந்தது என்பது ஒரு பகுதி விளக்கம்தான். டேசியஸ் ஆணையின்போது பலி கொடுத்துத் தப்பியவர்கள் ஏராளம், அவர்களைத் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்று சபைகள் அடுத்த பல வருடம் அடித்துக்கொண்டன.

சரி, வளர்ந்தது ஏன்? இங்கிருந்து உறுதி குறைகிறது, விளக்கம் கூடுகிறது. எனக்குக் கனமாகத் தெரிவது சபைக்குள் இருந்த பரஸ்பர உதவி. 251-இல் ரோம் ஆயர் கொர்நேலியு எழுதிய ஒரு கடிதம் தப்பிப் பிழைத்திருக்கிறது. தன் சபையில் 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள், 7 துணை உதவிக்காரர்கள், 42 ஏவலர்கள், பேயோட்டுபவர்களும் வாசிப்பவர்களும் வாயிற்காவலர்களுமாக 52 பேர், இவர்களோடு 1500-க்கு மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் சபை பராமரிக்கிறது என்று கணக்குக் கொடுக்கிறார். அக்கால ரோமில் தொழிற்சங்கங்களும் ஈமச்சடங்குக் குழுக்களும் உண்டு, ஆனால் சந்தா கட்டாதவரையும் இந்த அளவுக்குத் தாங்கிய அமைப்பை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. எதிரிகளின் வாக்குமூலமும் இதே பக்கம்தான். இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழி நையாண்டி எழுத்தாளர் லூசியன், சிறையில் இருக்கும் தங்கள் ஆளுக்கு விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் விடியலிலேயே வாசலில் நின்று சாப்பாடு கொண்டுவருகிறார்கள் என்று கேலி செய்கிறார். கிறிஸ்தவத்தை எதிர்த்து நூல் எழுதிய கெல்சஸ், கம்பளி நெய்பவன், செருப்புத் தைப்பவன், துணி வெளுப்பவன் எல்லாம் பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்துப் பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போதிக்கிறார்கள் என்று எரிச்சல்படுகிறார். அவர் வசவாகச் சொன்னதைத்தான் நான் மேலே பட்டறை, வீடு என்று சொன்னேன்.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கி.மு. 1-இல் எகிப்தில் ஹிலாரியோன் என்ற கூலியாள் மனைவிக்கு எழுதிய பாப்பிரஸ் கடிதம் இருக்கிறது. பாசமான கடிதம். பிரசவித்தால், ஆணென்றால் இருக்கட்டும், பெண்ணென்றால் வெளியே போட்டுவிடு என்று அதே மூச்சில் சொல்கிறது. சிசுவைப் போடுவதை யூதர்களும் கிறிஸ்தவர்களும் பாவம் என்றார்கள். விதவையை மறுமணத்துக்கு நெருக்கவில்லை. இதனால் சபைகளில் பெண்கள் விகிதம் கூடி, கலப்புத் திருமணங்கள் வழியாகவும் பிறப்பு வழியாகவும் எண்ணிக்கை ஏறியது என்று ராட்னி ஸ்டார்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வாதிட்டார். 165-இலும் 250-ஐ ஒட்டியும் வந்த கொள்ளைநோய்களில், நோயாளியை விட்டு ஓடாமல் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்ததாலேயே கிறிஸ்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்றும் சொன்னார். அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியு அப்படிப் பராமரித்து இறந்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார், அது நிஜ ஆவணம். ஆனால் அது ஓர் ஆயர் தன் மக்களைப் பற்றி எழுதியது. எத்தனை பேர் பிழைத்தார்கள், அதைப் பார்த்து எத்தனை பேர் மாறினார்கள் என்பதற்கு எண் கிடையாது. கவர்ச்சியான கருத்து, நிரூபணமாகாதது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையும் அப்படித்தான். 40-ஆம் ஆண்டில் 1000 பேர், பத்து ஆண்டுக்கு 40 சதவீத வளர்ச்சி என்று வைத்தால் 300-இல் 60 லட்சத்தைத் தாண்டும், அதாவது பேரரசின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கு என்று ஸ்டார்க் கணக்குப் போட்டார். இணையத்தில் இது உண்மைத் தரவுபோல உலவுகிறது. இது கணக்குப் பயிற்சிதான். தொடக்க எண்ணும் ஊகம், முடிவு எண்ணும் ஊகம். அந்தக் கணக்கால் ஒரு பயன் உண்டு: அற்புதக் கூட்ட மாற்றங்கள் எதுவும் தேவையில்லை, சாதாரண வேகத்திலேயே அங்கே போய்ச் சேரலாம் என்று காட்டுகிறது. சராசரி மட்டும் ஏமாற்றும். சிறிய ஆசியாவிலும் (இன்றைய துருக்கி) எகிப்திலும் வட ஆப்பிரிக்காவிலும் அடர்த்தி, 'கால்' (Gaul) எனப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியின் கிராமப்புறங்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ரோமப் பேரரசையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதிக் கதை தப்பிவிடும். யூப்ரடீஸ் கரையில் தூரா-யூரோப்போஸ் என்ற எல்லைக்கோட்டை நகரம் 256 வாக்கில் பாரசீகத்தை ஆண்ட சாசானியர்களிடம் விழுந்தது. மதிலைப் பலப்படுத்தக் கொட்டிய மண்ணுக்கடியில் ஒரு சாதாரண வீடு அப்படியே புதைந்து, 1930-களின் தொடக்கத்தில் அகழாய்வில் வெளிவந்தது. இரண்டு அறைகளுக்கு நடுவே சுவரை எடுத்துக் கூடமாக்கியிருக்கிறார்கள், எழுபது பேர் நெருக்கி உட்காரலாம். பக்கத்து அறையில் ஞானஸ்நானத் தொட்டி, சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன், தண்ணீர்மேல் நடக்கும் இயேசு. அதே மதிலோரம் சற்றுத் தள்ளி ஓவியங்கள் நிறைந்த ஜெப ஆலயம், மித்ரா கோயில். துன்புறுத்தல் காலம் என்று நாம் சொல்லும் காலத்தில் ராணுவ நகரம் ஒன்றில் இது நடந்திருக்கிறது. இன்னும் கிழக்கே எடெசாவில் சிரியாக் பேசும் சபை; 201-இல் வந்த வெள்ளத்தில் கிறிஸ்தவர்களின் ஆலயம் சேதமானதாக நகரத்தின் பழைய ஆண்டுக் குறிப்பேடு சொல்கிறது. எடெசாவின் அப்கார் மன்னனுக்கு இயேசுவே கடிதம் எழுதினார் என்ற கதையோ பிற்காலப் புனைவு. ஆர்மீனிய மன்னர் திரிதாத் மதம் மாறியதை மரபு 301 என்கிறது, பல ஆய்வாளர்கள் 314-ஐ ஒட்டி வைக்கிறார்கள். பாரசீகத்திலும் சபைகள் இருந்தன, அவர்களுக்குக் கான்ஸ்டன்டைன் செய்தது உதவியே இல்லை. ரோம மன்னன் கிறிஸ்தவன் என்றானதும் இரண்டாம் ஷாபூர் தன் நாட்டுக் கிறிஸ்தவர்களை எதிரியின் ஆட்களாகப் பார்த்தார், 340-ஐ ஒட்டிக் கடும் அடக்குமுறை தொடங்கியது. கான்ஸ்டன்டைன்தான் எல்லாம் என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி எனக்குத் தெரியாது.

அப்படியானால் கான்ஸ்டன்டைன் செய்தது என்ன? முதலில் அவர் செய்யாதவை. துன்புறுத்தலை முதலில் நிறுத்தியவர் அவர் இல்லை. அதைத் தீவிரமாக நடத்திய கலேரியஸே 311-இல், சாவதற்குச் சில நாள் முன்பு, நிறுத்தி ஆணையிட்டார். 313-இல் மிலானில் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் ஒப்புக்கொண்டது எல்லா மதத்துக்கும் சுதந்திரம். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் பைபிள் புத்தகங்களைப் பொறுக்கவில்லை, அங்கே சண்டை இயேசு பிதாவுக்குச் சமமானவர் இல்லை என்ற ஆரியஸின் கொள்கை பற்றி, அதோடு ஈஸ்டர் தேதி பற்றி. இன்றைய 27 புதிய ஏற்பாட்டு நூல்களை அப்படியே பட்டியலிடும் முதல் ஆவணம் அலெக்சாந்திரியா ஆயர் அதனாசியு 367-இல் எழுதிய கடிதம். இயேசுவைக் கடவுளாக்கியதும் நிசேயா இல்லை. பிளினியின் கைதிகள் 200 வருடம் முன்பே பாடிக்கொண்டிருந்தார்கள். கான்ஸ்டன்டைன் செய்தது பணமும் சட்டமும். பறித்த சொத்துகளைத் திருப்பினார், பெரிய ஆலயங்களைக் கட்டினார், குருக்களுக்கு நகராட்சிக் கட்டாயப் பணிகளிலிருந்து விலக்குக் கொடுத்தார், ஆயர்களைத் தீர்ப்புச் சொல்ல விட்டார். சேர்ந்தால் ஆபத்து என்றிருந்தது, சேர்ந்தால் லாபம் என்று மாறியது. நான்காம் நூற்றாண்டில் வந்த பெருவெள்ளம் அதனால்தான். அவர்கூட மற்றவர்களைக் கட்டாயப்படுத்தி மாற்றவில்லை, ஞானஸ்நானம் எடுத்தது 337-இல் மரணப் படுக்கையில். அரசின் ஒரே மதம் என்ற நிலைக்குத் தள்ளியவர் பிற்காலப் பேரரசர் தியோடோசியஸ், 380-இலும் 391, 392-இலும் போட்ட ஆணைகளால். ஆகவே என் தீர்ப்பு: மூன்று நூற்றாண்டில் இந்த மதம் அழிக்க முடியாத சிறுபான்மையாகத் தானே வளர்ந்தது, அந்தச் சிறுபான்மையைப் பெரும்பான்மையாக்கியது அரசு. கான்ஸ்டன்டைன் மாறாமல் இருந்திருந்தால் பாரசீகத்தில் இருந்ததுபோல ஒரு கணிசமான சிறுபான்மையாகவே ரோமிலும் நீடித்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம், ஆவணம் கேட்காதீர்கள்.

கடைசியாக, இயேசுவின் சீடர் தோமா. அப்படி ஒருவர் முதல் நூற்றாண்டில் இங்கே வந்திருக்க முடியுமா என்றால், தாராளமாக. முசிறிக்கும் எகிப்துக்கும் இடையே கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. முசிறிக் கடன் ஒப்பந்தம் எழுதிய இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸே இருக்கிறது. வந்தார் என்பதற்குச் சான்று இருக்கிறதா என்றால், அந்த நூற்றாண்டைச் சேர்ந்தது எதுவும் கிடையாது. தோமா இந்தியா போனதாகச் சொல்லும் மிகப் பழைய நூல் மூன்றாம் நூற்றாண்டில் எடெசாப் பக்கம் எழுதப்பட்ட தோமாவின் நடபடிகள். அது அவரை குந்தபோரஸ் மன்னனிடம் அனுப்புகிறது. அந்த மன்னன் நிஜம், காசுகளும் தக்த்-இ-பாகி கல்வெட்டும் உண்டு. ஆனால் அவன் ஆண்டது இன்றைய பாகிஸ்தான் பகுதி, மலபாரோ மயிலாப்பூரோ இல்லை. 52 என்ற வருடம் கேரளத்துக் கிறிஸ்தவர்களின் மரபிலிருந்து வருகிறது. மயிலாப்பூர்ப் பக்கத்துக் கல்லறையைப் பற்றி எழுதியவர்களில் மார்கோ போலோ பெயர்பெற்றவர், அவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவர். சந்தேகமில்லாத சான்று ஆறாம் நூற்றாண்டில் தொடங்குகிறது: கோஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர், மிளகு விளையும் மலே நாட்டிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதாகவும், இலங்கையில் இருப்பவர்கள் பாரசீகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும் எழுதுகிறார். அனுராதபுரத்தில் 1912-இல் கிடைத்த கல் சிலுவை அதோடு பொருந்துகிறது. அப்புறம் 849-இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, பரங்கிமலையில் 1547-இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த, பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து பொறித்த சிலுவை. இரண்டுமே காட்டுவது பாரசீகச் சபையோடு இருந்த தொடர்பை. தோமா மரபைப் பொய் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. தேர்வுத்தாளில் 52 என்று எழுதினால் மட்டும், 'மரபின்படி' என்ற வார்த்தையைச் சேர்த்து எழுதுங்கள்.